கெடுக்காம வா

2025 மே 15. அதிகாலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். துக்கம் விசாரிக்கக் கிளம்புகிறவனின் மனநிலைதான் இருந்தது. இரண்டு நாள் முன்பு நியூயார்க்கில் நடந்த நான்காவது ஆட்டத்தில் ஜேசன் டேட்டமின் வலது குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. 42 புள்ளிகள் எடுத்துவிட்டு, ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் தரையில் விழுந்தார். தொடரில் நிக்ஸ் மூன்று, செல்டிக்ஸ் ஒன்று. இன்னொரு தோல்வி, நடப்புச் சாம்பியன் வீட்டுக்கு.

ஐந்தாவது ஆட்டம் பாஸ்டனில். பாதி ஆட்டம் முடியும்போது 59க்கு 59. இடைவேளை முடிந்து அணி கோர்ட்டுக்கு வந்தபோது கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் இல்லை. உடம்பு சரியில்லை, மூச்சு விடக் கஷ்டப்படுகிறார் என்றார்கள். முதல் பாதியில் 12 நிமிடம் ஆடி ஒரே ஒரு புள்ளி எடுத்திருந்தார். அவர் இடத்தில் லூக் கோர்னெட் நின்றார்.

எங்கள் வாட்ஸாப் குழுவில் நாங்கள் நான்கு பேர்தான் அந்த நேரத்துக்கு முழித்திருப்போம். நான் ஒரே வார்த்தை டைப் செய்தேன்: "முடிஞ்சுது."

செல்டிக்ஸ் 127, நிக்ஸ் 102. கோர்னெட் 26 நிமிடம் ஆடினார். எறிந்த ஐந்து ஷாட்டும் உள்ளே. 10 புள்ளிகள், 9 ரீபவுண்டுகள், 7 பிளாக்குகள். ஏழு பிளாக் என்பது நட்சத்திர சென்டர்களுக்கே அடிக்கடி வாய்ப்பதில்லை.

குழுவில் ஒருவன் என் மெசேஜை மேற்கோள் காட்டி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான். நியாயம்தான். ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. கோர்னெட் எனக்குத் தெரியாத ஆள் இல்லை. மூன்று சீசனாக அவரை வாரத்துக்கு மூன்று நாள் பார்க்கிறேன். அவருடைய எண்கள் என் லேப்டாப்பில் இருக்கின்றன. அப்படியிருந்தும் அவர் உள்ளே வந்ததும் என் கை தானாக "முடிஞ்சுது" என்று எழுதியது. ஏன்?

*

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். கோர்ட்டில் ஒரு அணிக்கு ஐந்து பேர். அதில் வழக்கமாக ஆக உயரமான ஆள் சென்டர். தன் பக்கக் கூடைக்குக் காவல், எதிர்ப்பக்கக் கூடைக்கு அருகே மல்லுக்கட்டு. உடம்போடு உடம்பு மோதும் வேலை என்பதால் ஃபவுல் அதிகம் விழும். ஆறு ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும். சர்வதேச விதிகளிலும் நம் ஊரிலும் ஐந்து. எவ்வளவு பெரிய சென்டராக இருந்தாலும் வழக்கமாக 48 நிமிடமும் ஆட முடிவதில்லை. மீதிக்கு ஒருவர் வேண்டும். அவர்தான் பேக்கப் சென்டர்.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. கோவைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு வருடம் நான் அந்த வேலையைத்தான் பார்த்தேன். ஆறடி ஒரு அங்குலம் என்பதைத் தவிர என்னை அணியில் எடுக்க வேறு காரணம் கிடையாது. எங்கள் சென்டர் எனக்கு ஒரு வருடம் சீனியர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் உள்ளே இருந்தால் எதிரணிக்காரன் கூடைக்கு அருகில் வர யோசிப்பான்.

மண்டலப் போட்டி அரையிறுதி. சிமெண்ட் கோர்ட், மதிய வெயில், ஷூ அடி சுடுகிறது. இரண்டாவது குவார்ட்டரிலேயே அண்ணாவுக்கு மூன்று ஃபவுல். பி.டி. சார் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து, தாண்டிப் போய், வேறு வழியில்லாமல் மறுபடி என்னிடமே வந்தது.

"தம்பி, நாலு நிமிஷம். ஒண்ணும் பண்ண வேண்டாம். கெடுக்காம வா."

போனேன். ஸ்கிரீன் போட்டேன். அவர்களுடைய உயரமான ஆளை முதுகால் தள்ளிக்கொண்டே நின்றேன். ஒரு ஃபவுல் செய்தேன். பந்து என் கைக்கு இரண்டு தடவை வந்திருக்கும், இரண்டு தடவையும் பயந்துபோய் உடனே திருப்பிக் கொடுத்தேன். உள்ளே போகும்போது நாங்கள் ஐந்து புள்ளி முன்னிலை. வெளியே வரும்போது நான்கு. ஆட்டம் ஜெயித்தோம். ஸ்கோர் ஷீட்டில் என் பெயருக்கு நேராக ஒரு ஃபவுல் மட்டும் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் எவனோ ஒருவன் "ஒப்புக்குச் சப்பாணி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தெருவில் விளையாடும்போது ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அழும் சின்னப் பையனை, கணக்கில் வராத ஆளாகச் சேர்த்துக்கொள்வோமே, அந்தப் பெயர். வேலைக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நாலு நிமிடத்தைப் பற்றி எனக்கு அதைவிட நல்ல பெயர் கிடைத்ததில்லை.

*

மென்பொருள் துறையில் இருப்பதில் ஒரு சௌகரியம், சந்தேகம் வந்தால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம். என்.பி.ஏ. ஆட்டங்களின் ஒவ்வொரு நிகழ்வும் நேரத்தோடு பதிவாகிறது. யார் எப்போது உள்ளே வந்தார், யார் வெளியே போனார், அந்த இடைவெளியில் இரு அணியும் எத்தனை புள்ளி எடுத்தன, எல்லாம் கிடைக்கும். ஒரு ஆட்டக்காரர் உள்ளே இருக்கும்போது அணியின் நிலை என்ன, வெளியே இருக்கும்போது என்ன என்று கழித்துப் பார்ப்பது எளிது.

எளிது என்பதுதான் பிரச்சினை. பேக்கப் சென்டர் விஷயத்தில் இந்தக் கணக்கு ஒரு சீசா பலகை மாதிரி. சென்டர் இடத்துக்கு 48 நிமிடம்தான். முதல் சென்டரும் இரண்டாவது சென்டரும் சேர்ந்து ஆடுவது அபூர்வம். ஆகவே இவர் வெளியே இருக்கும் நேரம் என்பது ஏறக்குறைய அவர் உள்ளே இருக்கும் நேரம். முதல் ஆள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறாரோ, இரண்டாவது ஆள் அவ்வளவு ஆழத்தில் தெரிவார்.

டென்வர் நக்கெட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நிகோலா யோகிச் ஓய்வுக்கு உட்காரும் நிமிடங்களில் அந்த அணி தடுமாறுவது ஊரறிந்த கதை. வருடத்துக்கு ஒரு பேக்கப்பை மாற்றிப் பார்த்தார்கள். வந்த ஒவ்வொருவரும் மோசமானவர் என்று பெயர் வாங்கினார்கள். 2023இல் கோப்பையை வென்றபோது பிளேஆஃப் ஆட்டங்களில் அந்த நிமிடங்களைப் பெரும்பாலும் ஆரன் கோர்டனை சென்டராக நிறுத்திச் சமாளித்தார்கள். அவர் சென்டரே இல்லை, ஃபார்வர்ட். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கும் நேரத்தை அளவுகோலாக வைத்து ஒருவனை அளந்தால் எவன்தான் தேறுவான்?

இந்தச் சிக்கலை அவிழ்க்கப் புள்ளியியலில் ஒரு வழி இருக்கிறது. கோர்ட்டில் இருந்த பத்துப் பேரையும் ஒரே சமன்பாட்டில் வைத்து, யாரோடு ஆடினார், யாரை எதிர்த்து ஆடினார் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மதிப்புக் கண்டுபிடிப்பது. பேக்கப்களுக்கு ஆடிய நேரம் குறைவு, தரவு குறைவு. அதனால் விடை தாறுமாறாக ஆடும். 2010இல் ஸ்லோன் விளையாட்டுப் பகுப்பாய்வு மாநாட்டில் ஜோ சில் என்பவர் இதற்கு ரிட்ஜ் ரிக்ரெஷன் என்ற பழைய கருவியைக் கொண்டுவந்தார். அதன் சாரம் இதுதான்: ஒருவரைப் பற்றிப் போதுமான சான்று இல்லையென்றால் அவருடைய மதிப்பைப் பூஜ்யத்தை நோக்கி இழு. இந்தக் கணக்கில் பூஜ்யம் என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. லீகின் சராசரி என்று அர்த்தம்.

இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவனைப் பற்றித் தெரியவில்லையா, அவன் எல்லோரையும் போலத்தான் என்று வைத்துக்கொள் என்கிறது கணக்கு. நாம் அப்படிச் செய்வதில்லை. தெரியாதவனைக் கீழே வைத்துத்தான் ஆரம்பிக்கிறோம். பெஞ்சில் இருக்கிறான் என்றால் பெஞ்சில் இருக்க ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறோம்.

கோர்னெட் விஷயத்தில் நான் செய்தது இதைவிட மோசம். அவருடைய எண்கள் நன்றாகவே இருந்தன. 2024-25 சீசனில் 73 ஆட்டங்கள், சராசரியாகப் பதினெட்டு நிமிடத்துக்குச் சற்று மேல், 6 புள்ளிகள், 5 ரீபவுண்டுகளுக்கு மேல். எறிந்த ஷாட்டில் மூன்றில் இரண்டு உள்ளே. அவர் கோர்ட்டில் இருந்தபோது பாஸ்டன் எதிரணிகளை நன்றாகவே முந்தியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, கூட ஆடுகிறவர்கள் நல்லவர்கள், எதிரே ஆடுகிறவர்களும் பெஞ்ச் ஆட்கள், அதனால் அப்படித் தெரிகிறது என்று ஒதுக்கினேன். போர்சிங்கிஸின் எண்கள் நன்றாக இருந்தபோது இந்தக் கேள்விகளை நான் கேட்கவில்லை. போர்சிங்கிஸுக்கும் பக்கத்தில் டேட்டம்தான் ஆடினார்.

*

பேக்கப் என்ற சொல்லும் என்னைக் கெடுத்திருக்கிறது. என் தொழிலில் பேக்கப் என்றால் நகல். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸை அப்படியே பிரதி எடுத்து இன்னொரு இடத்தில் வைப்போம். அசலுக்கும் நகலுக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் அது பழுது. அந்த வார்த்தையை அப்படியே கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால், பேக்கப் சென்டர் என்பவர் முதல் சென்டரின் மலிவான பிரதி என்றாகிறது. போர்சிங்கிஸ் செய்வதில் எவ்வளவு சதவீதத்தை கோர்னெட் செய்கிறார் என்பதே கேள்வியாகிவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு விடை பரிதாபமாகத்தான் இருக்கும். அந்த பாஸ்டன் அணி மூன்று புள்ளி ஷாட்டில் வாழ்ந்த அணி. 2024-25இல் எறிந்த ஷாட்டுகளில் பாதிக்கு மேல் கோட்டுக்கு வெளியிலிருந்துதான். போர்சிங்கிஸ், அல் ஹோர்ஃபோர்ட் என்ற இரண்டு சென்டர்களும் தூரத்திலிருந்து எறிவார்கள். அவர்களைக் காக்க எதிரணியின் உயரமான ஆள் கூடையை விட்டு வெளியே வர வேண்டும். உள்ளே இடம் காலியாகும். கோர்னெட் தூரத்திலிருந்து எறிய மாட்டார். அப்படிப் பார்த்தால் அவர் உள்ளே வந்ததும் அணியின் அடையாளமே போய்விட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோர்னெட் பெயர் வாங்கியதே மூன்று புள்ளி ஷாட்டால்தான். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது 150 மூன்று புள்ளி ஷாட் போட்டார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஏழடி உயரக்காரர் ஒருவர் அவ்வளவு போட்டது அப்போது சாதனை. அவருடைய அப்பா ஃபிராங்க் கோர்னெட்டும் அதே பல்கலைக்கழகத்தில் ஆடி, மில்வாக்கி பக்ஸுக்காக இரண்டு சீசன் ஆடியவர். ஆனாலும் 2017 டிராஃப்டில் மகனை எந்த அணியும் எடுக்கவில்லை. நிக்ஸ் அணி டூ-வே ஒப்பந்தம் கொடுத்தது. பாதி நாள் பெரிய அணி, பாதி நாள் அதன் துணை அணி. அங்கிருந்து சிகாகோ. 2021 மார்ச்சில் ஒரு மூன்று அணிப் பரிமாற்றத்தில் பாஸ்டன். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே பாஸ்டன் விடுவித்தது. துணை அணியான மேய்ன் செல்டிக்ஸில் ஆடினார். கொரோனாவால் அணிகளுக்கு ஆள் போதாமல் போனபோது கிளீவ்லாந்துக்கு ஒரு பத்து நாள் ஒப்பந்தம், மில்வாக்கிக்கு ஒரு பத்து நாள் ஒப்பந்தம். பிறகு மறுபடியும் பாஸ்டன்.

பத்து நாள் ஒப்பந்தம் என்பது நம்மூர்க் கல்யாணச் சமையலுக்குக் கைமாற்றாக ஆள் கூப்பிடுவது போல. பந்தி முடிந்தால் பை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

இந்தப் பயணத்தில் எங்கோ ஓரிடத்தில் அவர் மூன்று புள்ளி ஷாட்டை ஏறக்குறையக் கைவிட்டார். தன்னை லீகுக்குள் கொண்டுவந்த ஒரே திறமையை. அந்த முடிவு எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒரு மொழியில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கி வேலைக்குச் சேர்ந்தவன், அந்த மொழி இந்த அணிக்குத் தேவையில்லை என்று தெரிந்ததும் அதை மூடி வைத்துவிட்டு, யாரும் தொட விரும்பாத டெஸ்ட்களையும் பைப்லைனையும் எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பது போல. அப்படிச் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதிகம் பேரை இல்லை.

கோர்னெட் எடுத்துக்கொண்ட வேலைகள் இவை. பந்து வைத்திருப்பவனுக்காக ஓடி வந்து ஒரு சுவர் போல ஸ்கிரீன் போடுவது. போட்டவுடன் கூடையை நோக்கி ஓடுவது. ஏழடி உயரத்தில் ஒருவன் கூடையை நோக்கி ஓடினால், தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று மூலையில் நிற்கும் காவலர்கள் உள்ளே நகர்வார்கள். மூலையில் இருப்பவன் தனியாவான். போர்சிங்கிஸ் வெளியே நின்று திறந்துவிட்ட அதே கதவை கோர்னெட் உள்ளே ஓடித் திறந்தார். தவறிய ஷாட் கைக்கு எட்டாவிட்டால் விரல் நுனியால் வெளியே தட்டிவிடுவது. தட்டிய பந்தை வேறொருவன் எடுத்துப் போடுவான், புள்ளி அவன் கணக்கில் சேரும்.

பிறகு அந்தக் குதி. கோர்னெட்டை ஒரே ஒரு தடவை பார்த்தவர்களுக்கும் அது ஞாபகம் இருக்கும். எதிரணிக்காரன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறியப் போகிறான். கோர்னெட் கூடைக்கு அருகே, நாலைந்து மீட்டர் தள்ளி நிற்கிறார். ஓடிப்போய்த் தடுக்க நேரமில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நேராக மேலே குதிப்பார். பந்தைத் தொட வாய்ப்பே இல்லை. எறிபவனின் கண்ணுக்கும் கூடைக்கும் நடுவில் ஒரு நொடி எழுந்து நிற்பார், அவ்வளவுதான். இதை ரசிகர்கள் கிரகணம் என்றே அழைத்தார்கள். 2022-23இல் இது பரவலாகப் பேசப்பட்டது. உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. கேலி செய்தவர்களும் உண்டு. நானும் சிரித்தேன்.

இப்போது யோசித்தால் அதில் சிரிக்க எதுவுமில்லை. அவர் வெளியே ஓடியிருந்தால் கூடை காலியாகும், ரீபவுண்ட் போகும், அவசரத்தில் ஃபவுல் விழும். ஓடாமல் சும்மா நின்றிருந்தால் எறிபவனுக்குத் தொந்தரவே இல்லை. இடத்தை விடாமல், எதையும் பணயம் வைக்காமல், கையில் மிச்சமிருக்கும் ஒரே ஒரு விஷயத்தை, தன் உயரத்தை, அவர் பயன்படுத்தினார். கெடுக்காமல் இருப்பது ஒரு காரியம். கெடுக்காமல் இருந்துகொண்டே கூடுதலாக ஏதாவது செய்ய முடியுமா என்று தேடுவது இன்னொன்று. எனக்கு அந்த இரண்டாவது தோன்றியதே இல்லை. பந்து கைக்கு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

*

எங்கள் துறையில் ஒரு பேச்சு உண்டு. மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை. நகல் பத்திரமாக இருக்கிறது என்று மூன்று வருடம் நம்பியிருப்பார்கள். சர்வர் விழுந்த அன்றைக்கு எடுத்துப் பார்த்தால் கோப்பு திறக்காது.

அந்த மே மாத ஆட்டத்தை முதலில் நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் கோர்னெட் சோதிக்கப்பட்டார், தேறினார் என்று. அதுவும் தப்பு. ஒரு ஆட்டத்தில் ஏழு பிளாக் என்பது ஒரு ஆட்டத்தில் ஏழு பிளாக் மட்டும்தான். அதை வைத்து ஒருவரைத் தூக்கிப் பிடிப்பதும், நாலு நிமிடத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவதும் ஒரே பிழை. அன்று டெரிக் வைட் 34 புள்ளிகள் எடுத்தார், ஜேலன் பிரவுன் 26 எடுத்து 12 அசிஸ்ட் கொடுத்தார். அடுத்த ஆட்டம் நியூயார்க்கில், 119க்கு 81 என்று செல்டிக்ஸ் நொறுங்கி வெளியேறியது. கோர்னெட் அந்தத் தொடரைக் காப்பாற்றவில்லை.

உண்மையான சோதனை அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அந்த சீசனில் அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டு வந்த போர்சிங்கிஸ் ஆடியது 42 ஆட்டங்கள். ஹோர்ஃபோர்டுக்கு வயது 38, அடுத்தடுத்த நாளில் ஆட்டம் வந்தால் ஒன்றில் அவருக்கு ஓய்வு. அந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்தவர்களில் முக்கியமானவர் கோர்னெட். ஜனவரியில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் ஞாபகம் வைத்திருக்காத ஆட்டத்தில், ஏறக்குறைய 1,360 நிமிடங்களாகச் சிதறிக் கிடந்தது அவருடைய தேர்வு. நான் அதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே டீ போட எழுந்து போயிருக்கிறேன். போர்சிங்கிஸ் உட்கார்ந்து கோர்னெட் வரும் நேரம்தான் எனக்கு டீ போடும் நேரம்.

சந்தை என்னைவிடக் கவனமாகப் பார்த்திருக்கிறது. 2024 கோப்பைக்குப் பிறகும் குறைந்தபட்ச ஊதிய ஒப்பந்தத்தில்தான் பாஸ்டனில் இருந்தார். 2025 கோடையில் ஊதிய வரம்பின் நெருக்கடி அணியைப் பிரித்தது. போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கு, ஹோர்ஃபோர்ட் கோல்டன் ஸ்டேட்டுக்கு. கோர்னெட்டுக்கு சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் நான்கு வருடத்துக்கு 41 மில்லியன் டாலர் கொடுத்தது. அந்த ஜூலையில் அவருக்கு முப்பது வயது நிறைந்தது. ஸ்பர்ஸிடம் ஏற்கெனவே விக்டர் வெம்பன்யாமா இருக்கிறார். 2025 பிப்ரவரியில் தோள்பட்டையில் ரத்தக்கட்டு கண்டறியப்பட்டு அவருடைய சீசன் பாதியில் முடிந்தபோது, சென்டர் இல்லாத அணி எப்படி இருக்கும் என்று அவர்கள் நேரில் பார்த்துவிட்டார்கள்.

என் ஸ்கிரிப்டில் இனி கோர்னெட் எப்படித் தெரிவார் என்று எனக்குத் தெரியும். சீசாவின் மறுமுனையில் வெம்பன்யாமா. கழித்தல் கணக்கு அவரைக் கீழே இறக்கும். அவர் ஆட்டம் ஒரு துளி மாறாவிட்டாலும் இறக்கும்.

41 மில்லியன் கொடுத்ததால் அவர் மதிப்பு நிரூபணமாகிவிட்டது என்று முடித்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் எழுதினார்கள். எனக்கு அது போதவில்லை. குறைந்தபட்ச ஊதியத்தில் ஆடிய வருடத்திலும் இதே ஆள்தானே இதே ஸ்கிரீனைப் போட்டார். விலை ஏறுவதற்கு முன்பே அது தெரிந்திருக்க எதைப் பார்த்திருக்க வேண்டும்?

*

அந்தக் கேள்வியோடு சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவுக்கு போன் செய்தேன். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். கூடைப்பந்து பார்ப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது. முழங்கால் போய்விட்டது. ஊர், குழந்தை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, அந்த ஜோனல் செமி ஃபைனல் ஞாபகம் இருக்குதா? உங்களுக்கு மூணு ஃபவுல் விழுந்து நான் உள்ள வந்தனே."

"எந்த மேட்சுறா?"

விவரம் சொன்னேன். வெயில், சிமெண்ட் கோர்ட், பி.டி. சார் சொன்னது. அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. நான் பத்து வருடத்துக்கு மேல் சுமந்த நாலு நிமிடம், அவரிடம் சுத்தமாக இல்லை.

"நீ காலு சுளுக்கி ரூம்ல படுத்துக் கெடந்தியே, அந்த மேட்ச்தான் ஞாபகம் இருக்குது" என்றார்.

"அதுல நான் ஆடவே இல்லையேண்ணா."

"அதத்தான்டா சொல்றேன். செகண்ட் குவார்ட்டர்ல ரெண்டாவது ஃபவுல் விழுந்துச்சு. திரும்பி பெஞ்சப் பாத்தேன். உக்காந்திருக்கவனெல்லாம் என் தோளுக்கு இருக்கான். நான் வெளிய போனா உள்ள நிக்க ஆளில்ல. அப்புறம் எவன் உள்ள வந்தாலும் நான் கையத் தூக்கவே இல்ல. இன்னொரு ஃபவுல் வாங்கிருவமோன்னு பயம். வழி விட்டு நின்னேன்."

"நான் இருந்தா?"

"நீ இருந்தா அடிச்சிருப்பேன். போனாப் போவுது, நாலு நிமிஷம் தம்பி பாத்துக்குவான்னு."

அதைச் சாதாரணமாகச் சொன்னார். பின்னால் குழந்தை எதற்கோ அழுதது. இரு, அப்புறம் பேசறேன் என்றார்.

"தோத்தோமாண்ணா அந்த மேட்ச்?"

"பதினெட்டோ இருபதோ. நல்ல அடி."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்ணா கையைத் தூக்கிய ஆட்டங்கள் எத்தனை இருக்கும்? அவர் தடுத்த ஷாட்டெல்லாம் ஷீட்டில் அவர் பெயரில் ஏறியிருக்கும். அதில் எத்தனை, பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்ததால் தடுத்தது? அதைப் பிரித்தெடுக்க என் ஸ்கிரிப்டில் வழியில்லை. கோர்ட்டில் இருக்கும் பத்துப் பேரை மட்டும்தான் அது எண்ணும்.

தோற்ற அந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் எங்கேயாவது மிச்சம் இருந்தால், அதில் என் பெயரே இருக்காது.